நட்டஈடு இல்லை என்று கூரியர் கடிதம் அனுப்பினால்

வழியில் உடைந்த பொதிக்கு நட்டஈடு கேட்டால் வரும் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் மூன்று வரிக்கு மேல் இருக்காது. ‘தங்கள் முறைப்பாடு ஆராயப்பட்டது. பொதி முறையாகக் கட்டப்பட்டிருக்கவில்லை. எனவே நட்டஈடு வழங்க இயலாது.’ இதை வாசித்ததும் பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். சிலர் தொலைபேசியில் சத்தம் போடுவார்கள். இரண்டாலும் பணம் வராது. கடிதத்தை எழுதியவர் பெட்டியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். முன்னால் இருந்த படிவத்தில் ஒரு காரணத்தைத் தெரிவுசெய்திருப்பார், அவ்வளவுதான். நீங்கள் உடைக்க வேண்டியது அந்த ஒரு காரணத்தை. பொருள் எவ்வளவு அருமையானது, யாருடைய பிறந்தநாளுக்கு வாங்கியது என்பதெல்லாம் அவர்களுடைய கோப்பில் ஏறாது.

முதலில் பெட்டி

உடைந்த பொருளை வைத்துக்கொண்டு பெட்டியைக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுவதுதான் எல்லாரும் செய்கிற பிழை. உங்களிடம் உள்ள சாட்சி பெட்டிதான். உள்ளே வைத்த ரெஜிஃபோம், பபிள் ராப், கசக்கித் திணித்த பத்திரிகைத் தாள், மேலே ஒட்டிய டேப் எல்லாவற்றையும் வழக்கு முடியும்வரை வைத்திருங்கள். வெள்ளவத்தை மாடி வீட்டில் இடமில்லை என்றால் அலுமாரிக்கு மேல் ஏற்றுங்கள். தரையில் வைத்தால் மழைக்காலத்து ஈரத்தில் அட்டை ஊதிப்போகும். பிறகு அந்த ஈரமும் ‘பெறுநர் வீட்டில் ஏற்பட்ட சேதம்’ ஆகிவிடும்.

படங்கள் இந்த வரிசையில் வேண்டும்: பெட்டியின் ஆறு பக்கங்கள், வேபில் (பொதியை ஏற்கும்போது கூரியர் எழுதும் அனுப்புச் சீட்டு) இலக்கம் தெளிவாகத் தெரியும்படி முகவரிச் சீட்டு, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து நசுங்கிய அல்லது கிழிந்த இடம், திறந்ததும் உள்ளே பொருள் இருந்த நிலை, உடைந்த பகுதி, பொருளின் தொடர் இலக்கம். அடிமூடியில் அட்டையின் வலிமையைக் காட்டும் வட்ட முத்திரை இருந்தால் அதையும் எடுங்கள். அது பின்னால் பெரிய உதவி.

டேப்பையும் கவனியுங்கள். அனுப்பியவர் ஒட்டிய டேப்புக்கு மேல் வேறு நிறத்தில் இன்னொரு டேப் இருந்தால் வழியில் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். சீட்டில் அச்சிட்ட எடையும் வீட்டில் நிறுத்துப் பார்த்த எடையும் வேறுபட்டாலும் அதே சந்தேகம்தான். இரண்டையும் எழுதி வையுங்கள்.

படங்களை வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நாளும் நேரமும் கோப்பிலிருந்து அழிந்துவிடும். மூலக்கோப்பை மின்னஞ்சலில் இணையுங்கள், அல்லது வாட்ஸப்பிலேயே ஆவணமாக அனுப்புங்கள்.

கேட்கும் உரிமை யாருக்கு

பாதி மறுப்புகளின் வேர் இங்கேதான் என்று சொன்னாலும் மிகையில்லை. கூரியருடன் ஒப்பந்தம் செய்தவர் அனுப்பியவர். பெற்றவர் என்ன எழுதினாலும் ‘அனுப்புநர் முறைப்பாடு செய்ய வேண்டும்’ என்று ஒரு வரியில் திருப்பிவிடலாம். ஆகவே வேபிலில் அனுப்புநர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

புறக்கோட்டைக் கடையிலோ ஒரு முகநூல் பக்கத்திலோ வாங்கிய பொருளானால் கூரியருடன் மல்லுக்கட்டுவது உங்கள் வேலையே இல்லை. விற்றவரைப் பிடியுங்கள். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, பொருளின் தன்மைக்கு ஏற்ற விதத்தில் அனுப்ப ஏற்பாடு செய்வது விற்பவரின் பொறுப்பு. அதை அவர் செய்யாமல் வழியில் உடைந்தால், கூரியரிடம் ஒப்படைத்ததையே உங்களிடம் ஒப்படைத்ததாக ஏற்க நீங்கள் மறுக்கலாம். ‘நாங்கள் அனுப்பிவிட்டோம், இனிக் கூரியரைக் கேளுங்கள்’ என்ற பதிலை அப்படியே விழுங்க வேண்டியதில்லை.

பொருள் கையில் கிடைத்ததும் காசு கொடுக்கும் முறையில் வாங்கியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் கொடுத்த பணம் அன்றே விற்பவர் கைக்குப் போவதில்லை. கூரியர் நிறுவனம் சேர்த்துவைத்துச் சில நாட்களின் பின்தான் கொடுக்கும். உடைந்ததைக் கண்ட அன்றே இருவருக்கும் எழுதி, அந்தத் தொகையை நிறுத்திவைக்கும்படி கேளுங்கள். அவர்கள் கட்டாயம் நிறுத்துவார்கள் என்றில்லை. ஆனால் கேட்ட கடிதம் பின்னால் பேசும்.

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமி அனுப்பிய கடல் பெட்டி என்றால், கொழும்பில் பெட்டியைக் கையளிக்கும் முகவர் பெரும்பாலும் கையளிப்பவர் மட்டுமே. பணம் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுத்தவர் அங்கே இருக்கிறார். மாமியின் பெயரில் அங்கேதான் முறைப்பாடு போக வேண்டும். இங்கிருந்து நீங்கள் செய்யக்கூடியது படங்களும், சேதத்தைக் கொழும்பு முகவர் ஒப்புக்கொண்டு எழுதிய துண்டும்.

அனுப்பியவர் வேறொருவராக இருந்து, அலைய அவருக்கு நேரமில்லை என்றால், அதிகாரக் கடிதம் ஒன்று வாங்குங்கள்: வேபில் இலக்கம், உங்கள் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், ‘என் சார்பில் முறைப்பாடு செய்யவும் நட்டஈட்டைப் பெறவும் அதிகாரம் அளிக்கிறேன்’ என்ற வரி, கையொப்பம். இந்த அரைப்பக்கம் இல்லாமல் மூன்று மாதம் இழுபட்ட முறைப்பாடுகளும் உண்டு.

எந்த வழியாக வந்தது

காலக்கெடு பொதி வந்த பாதையைப் பொறுத்தது.

விமானத்தில் வந்த சர்வதேசக் கூரியர் பொதிக்கு 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் என்ற சர்வதேச ஒப்பந்தம் பொருந்தும். இலங்கையும் அதில் ஒரு தரப்பு. பொதி கைக்கு வந்த 14 நாட்களுக்குள் சேதத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குப் போட 2 வருடம். தொலைபேசியில் சொன்னது எழுத்தாகாது. தாமதத்தால் வந்த இழப்புக்கு 21 நாட்கள், ஆனால் உடைந்த பொருளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடல் வழி இறுக்கமானது. கடல்வழிப் பொருள் கொண்டுசெல்லல் பற்றிய 1982 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளின்படி, வெளியே தெரியாத சேதத்தை 3 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வெளியே தெரிந்தால் பொருளை எடுக்கும்போதே அறிவிக்க வேண்டும். வழக்குக்கு ஒரே வருடம். சுங்கப் பரிசோதனைக்காகக் களஞ்சியத்தில் பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே பாருங்கள். லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறுதலாகத் திறந்தால், உடைத்தது கப்பலா லொறியா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியில் நீங்கள் தோற்பீர்கள்.

அஞ்சல் பார்சலுக்கு விசாரணை கேட்கும் காலம் அனுப்பியதிலிருந்து 6 மாதம். அது நீண்டதாகத் தெரிந்தாலும் பொதியைக் கையேற்கும் நிமிடத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள மத்திய அஞ்சல் பரிவர்த்தனை நிலையத்துக்குக் கூப்பிட்டு உங்கள் முன்னால் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கும்போது உள்ளே உடைந்திருந்தால், கையொப்பம் இடுவதற்கு முன் அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்றும் எழுதாமல் கையொப்பமிட்டு வாங்கினால் அஞ்சலின் பொறுப்பு அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். பதிவோ காப்புறுதியோ இல்லாத சிறு பொதிகளுக்கு (வெளிநாட்டு இணையக் கடைகளிலிருந்து வரும் மலிவு உறைகள் அநேகம் இந்த வகைதான்) அஞ்சல் நட்டஈடே இல்லை. அதற்கு விற்றவரிடம் போங்கள்.

உள்நாட்டுக் கூரியருக்கு வேபிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் காலக்கெடு. 24 மணித்தியாலம், 48 மணித்தியாலம் என்று அச்சிட்டிருப்பவையும் உண்டு. வாசிக்கக் கண்ணாடி வேண்டும், ஆனால் வாசியுங்கள். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணப் பஸ்ஸில் போட்டுவிடும் பார்சலுக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுச்சீட்டுக்கு மேல் இருக்காது. அந்த வழியில் கண்ணாடிச் சாமான் அனுப்புவது நேர்த்திக்கடன் மாதிரித்தான்.

காரணமும் மறுமொழியும்

‘பொதி கட்டியது சரியில்லை’ என்பதே அதிகம் வரும் காரணம். கடுமையானதும் அதுதான், ஏனென்றால் பல வேளைகளில் அது உண்மை. மொன்றியல் சமவாயத்திலேயே, அனுப்புநரின் மோசமான கட்டுமானத்தால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நிறுவனம். ‘சரியில்லை’ என்று சொன்னால் போதாது. ஆகவே முதற் கடிதத்தில் கேட்க வேண்டியது: எந்த அளவுகோலின்படி சரியில்லை? யார், எந்த நாளில், பெட்டியை நேரில் பார்த்தார்? அறிக்கையின் பிரதி எங்கே?

பிறகு உங்கள் பக்கத்தை அளவுகளால் நிரப்புங்கள். பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்ரிமீற்றர் மெத்தை இருந்ததா? இரட்டைச் சுவர் அட்டையா, ஒற்றையா? வெட்டு முனையில் அலை வரிசை இரண்டு தெரிந்தால் இரட்டை. மூடியின் நடுக்கோட்டிலும் இரு ஓரங்களிலும் ‘எச்’ வடிவில் டேப் ஓடியதா? பெட்டியை ஆட்டினால் உள்ளே பொருள் அசைந்ததா?

உலகம் முழுக்கப் பொதிச் சோதனைக்குப் பயன்படும் இஸ்டா 1ஏ முறையில், 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து 10 தடவை போடுவார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். 10 முதல் 19 கிலோ வரையானால் 61 சென்ரிமீற்றர். மேசை உயரத்திலிருந்து விழுவது கூரியர் பயணத்தில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று என்பதுதான் இதன் பொருள். ஆகவே ‘தூக்கிப் போட்டார்கள்’ என்று மட்டும் எழுதினால் வாதம் நிற்காது. ஆனால் மூலை 8 சென்ரிமீற்றர் உள்ளே போயிருக்கிறது, இரட்டைச் சுவர் கிழிந்து கூரான ஒன்று துளைத்த ஓட்டை இருக்கிறது என்றால், அது சாதாரண விழுகை இல்லை. மேலே கனம் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது வேறொரு சாமான் குத்தியிருக்கிறது. படத்தில் அடிமட்டம் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

நீங்களே அனுப்பி, பழைய பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தியிருந்தால் நிலை பலவீனம்தான். ஒருமுறை பயணம் போன அட்டை கொழும்பின் ஈரக்காற்றில் வலிமையைப் பெருமளவு இழந்துவிடும். அப்போது முழுத் தொகைக்கு அடம்பிடிப்பதைவிட, ‘பொதியை ஏற்ற உங்கள் ஊழியர் கட்டுமானம் பற்றி ஏதும் குறிக்கவில்லை’ என்ற வாதத்தோடு ஒரு பகுதித் தொகைக்குப் பேசுவது புத்தி. கிளையிலேயே கட்டணம் வாங்கி அவர்கள் கட்டிக்கொடுத்திருந்தால் கதை தலைகீழ். கட்டுமானக் கட்டணம் எழுதிய பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள்.

‘நல்ல நிலையில் பெற்றதாகக் கையொப்பம் உள்ளது’ என்பது அடுத்தது. கேட்பதற்கு இது முடிந்துபோன விடயம் போல ஒலிக்கும், ஆனால் இல்லை. குறை சொல்லாமல் பெற்ற கையொப்பம் மேலோட்டமான சான்று மட்டுமே, மாறாக நிரூபித்தால் அது விழுந்துவிடும். மேலும் இன்று பலரிடம் வாங்கும் கையொப்பம் தொலைபேசித் திரையில் விரலால் கீறியது. அதில் குறை எழுத இடமே இல்லை. இதையே எழுதுங்கள்: ‘குறிப்பெழுத இடமற்ற திரையில் கையொப்பம் பெறப்பட்டது. 40 நிமிடத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன்.’ அறிவித்த வேகம்தான் இங்கே உங்கள் சாட்சி. அடுத்த தடவை பொதி கொண்டுவரும் தம்பி அவசரப்படுத்தினாலும், நசுங்கிய பெட்டியை அவர் கையில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். அவருடைய முகம் வேண்டாம், சீட்டும் நசுங்கலும் போதும்.

‘வெளிப்புறச் சேதம் இல்லை’ என்றால், வெளியே தெரியாமல் உள்ளே உடைவது எப்படி என்று காட்ட ஒரு தொழில்நுட்பவியலாளரின் கடிதம் வேண்டும். கணினி என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். கடைத் தலைப்புத் தாளில் நாள், தொடர் இலக்கம், எது உடைந்தது, திருத்தச் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ‘கூரியர் உடைத்தது’ என்று அவர் எழுத வேண்டாம், அவர் அதைக் காணவில்லை. ‘பலத்த அதிர்ச்சியால் ஏற்படும் வகையான முறிவு, பயன்பாட்டுத் தேய்மானம் அல்ல’ என்பதே போதும்.

‘விலக்களிக்கப்பட்ட பொருள்’ என்ற காரணம் கண்ணாடி, பீங்கான், தொலைக்காட்சி, திரவம் ஆகியவற்றுக்கு வரும். விலக்குப் பட்டியல் அனுப்பும்போது காட்டப்பட்டதா, வேபிலில் பொருள் இன்னதென்று எழுதியும் ஏற்றார்களா என்று பாருங்கள். ‘கண்ணாடிக் கிண்ணம்’ என்று எழுதியதை வாங்கிக் கட்டணமும் எடுத்துவிட்டுப் பிறகு கண்ணாடி ஏற்பதில்லை என்பது பலமான நிலைப்பாடு அல்ல. உள்நாட்டு ஒப்பந்தங்களில் 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டமும் உதவும். அச்சிட்ட பொது நிபந்தனையால் பொறுப்பைக் கழற்றும் நிறுவனம், அந்த நிபந்தனை நியாயமானது என்று தானே காட்ட வேண்டும். கடிதத்தில் இச்சட்டத்தின் பெயரைக் கண்டால் கோப்பு பெரும்பாலும் மேலாளர் மேசைக்குப் போகும்.

எவ்வளவு கேட்கலாம்

விமானப் பொதிக்கு மேலெல்லை கிலோவுக்கு 26 சிறப்பு எடுப்பனவு உரிமை. 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. அதற்கு முன் 22. இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு, ஒன்று ஒரு அமெரிக்க டொலரைவிடச் சற்றுக் கூட. 3 கிலோப் பொதிக்கு 78 அலகு, சுமார் நூற்றுச் சொச்சம் டொலர். உள்ளே ஆயிரம் டொலர்க் கமரா இருந்தாலும் அவ்வளவுதான், அனுப்பும்போது பெறுமதியைத் தனியாக அறிவித்து மேலதிகக் கட்டணம் செலுத்தியிருந்தாலே தவிர. காப்புறுதியற்ற சர்வதேச அஞ்சல் பார்சலுக்கு 40 அலகும் கிலோவுக்கு 4.50 அலகும் உச்சம்.

இன்னொரு பொறி உண்டு. சுங்கத் தீர்வைக்குப் பயந்து 200 டொலர்ப் பொருளுக்கு 20 டொலர் என்று எழுதி அனுப்பச் சொல்வார்கள். உடைந்தால் 20தான். ‘உண்மையில் 200’ என்று எழுதினால், பொய்யான சுங்கப் பிரகடனத்துக்கு உங்கள் கையாலேயே சான்று கொடுக்கிறீர்கள்.

தொகையைக் கேட்கும்போது திருத்தச் செலவும் பொருளின் விலையும் இரண்டையும் காட்டி, குறைந்ததைக் கேளுங்கள். விலைக்கு பில் அல்லது வங்கி, அட்டைக் கொடுப்பனவுப் பதிவு வேண்டும். கடைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. அனுப்பு கட்டணத்தையும் சேருங்கள். மன உளைச்சலைச் சேர்க்காதீர்கள், கடிதத்தின் கனம் குறையும்.

கடிதம்

ஒரு பக்கம். தனியார் நிறுவனங்களில் ஆங்கிலக் கடிதம் சீக்கிரம் நகரும் என்பது கசப்பான நடைமுறை. தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்தாலும் அடுக்கு இதுவாக இருக்கட்டும்:

‘வேபில் இலக்கம் ……. ஒப்படைத்த நாள் ……., பெற்ற நாள் ……., சேதத்தை எழுத்தில் அறிவித்த நாள் ……. உங்கள் …….ஆம் திகதிக் கடிதத்தில் மறுப்புக்குக் கூறிய ஒரே காரணம்: பொதி கட்டுமானம் போதாது. இக்காரணத்தை ஏற்கவில்லை. இரட்டைச் சுவர் அட்டை, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை (படங்கள் 4 முதல் 7). வலது கீழ் மூலையில் 8 செ.மீ. ஆழ நசுங்கல் (படம் 3). பெட்டியும் பொருளும் பரிசோதனைக்குத் தயாராக உள்ளன. உங்கள் ஊழியர் எவரும் இதுவரை பார்வையிடவில்லை. கோரும் தொகை ரூபா ……., விபரம் இணைப்பில். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும். மறுப்பதானால் பரிசோதனை அறிக்கையையும் ஆதாரமான நிபந்தனையின் இலக்கத்தையும் தரவும்.’

‘ஒரே காரணம்’ என்ற சொல்லை விடாதீர்கள். பின்னால் வேறு காரணம் தேடி எடுத்தால் இந்த வரி அவர்களைப் பார்த்து நிற்கும். மின்னஞ்சலிலும் அனுப்பி, தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால்

விற்பவருக்கு எதிரான முறைப்பாடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு: கொழும்பு 2, வொக்ஸோல் வீதி, 27 ஆம் இலக்கம், தொலைபேசி 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழில் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. கூரியருடன் கடிதம் எழுதிக்கொண்டே இந்த 3 மாதத்தைக் கரைத்துவிடுவதுதான் வழக்கமான பிழை, இரண்டையும் ஒன்றாக நடத்துங்கள். அதிகார சபையின் பிடி விற்பவர்மேல் இறுக்கம், கூரியர்மேல் சற்றுத் தளர்வு.

கூரியருக்கு எதிராக இணக்க சபை நல்ல வழி. சட்டத்தரணி தேவையில்லை, அங்கே அவர் தோன்றவும் முடியாது. அமர்வுகள் பெரும்பாலும் வார இறுதியில். நிறுவனம் இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். சிறிய தொகை வழக்கொன்றைத் தொடர அது வேண்டும்.

அட்டையில் பணம் கட்டி வெளிநாட்டில் வாங்கியிருந்தால், உங்கள் வங்கியில் கொடுப்பனவுத் தகராறு போடலாம். சேதமான பொருளுக்குப் பொதுவாகப் பெற்றதிலிருந்து 120 நாட்கள். முதலில் விற்பவரோடு தீர்க்க முயன்றதையும், பொருளைத் திருப்பியனுப்ப முன்வந்ததையும் காட்ட வேண்டும். பேபாலில் கட்டியிருந்தால் கட்டிய நாளிலிருந்து 180 நாட்கள். உள்ளூர்க் காப்புறுதி நிறுவனம் மறுத்திருந்தால் இலங்கைக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அரச அஞ்சல் பதிலே தராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விசாரணைக் கோப்பின் பிரதியைக் கேளுங்கள். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். உறங்கிய கோப்புகள் இந்த விண்ணப்பத்தோடு கண் விழிப்பதுண்டு.

பணம் தர ஒப்புக்கொண்டால் ஒரு தாளில் கையொப்பம் கேட்பார்கள். ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு’ என்று அதில் இருந்தால், தொகை சரிதானா என்று பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். அதன்பின் மேலே போக முடியாது. முழுப் பெறுமதியும் கொடுத்தால் உடைந்த பொருளை அவர்கள் எடுத்துக்கொள்ளக் கேட்கலாம், அது நியாயம். கணினியோ தொலைபேசியோ என்றால் அதிலுள்ள உங்கள் படங்களையும் கடவுச்சொற்களையும் அழித்துவிட்டு, ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். பெட்டியையும் அன்றைக்கு வீசலாம், பணம் கணக்கில் விழுந்திருந்தால்.